ஞாயிற்றுக்கிழமைத் தீனி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனிலும் நியூயார்க்கிலும் பாரவண்டி இழுத்த குதிரைகளுக்கு வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு ஓய்வு. அன்று பீர் பீப்பாய் வண்டியும் நிலக்கரி வண்டியும் தெருவில் இறங்காது. குதிரை லாயத்தில் தன் இடத்தில் கட்டுண்டு நிற்கும். தீனி மட்டும் குறையாது. 800 கிலோ எடையுள்ள பாரக்குதிரை, வேலை கடுமையாக இருக்கும் காலத்தில் நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ வரை தானியம் தின்னும். பெரும்பாலும் ஓட்ஸ், அமெரிக்கா என்றால் கூடவே மக்காச்சோளம். ஓய்வு நாளில் அந்த அளவைக் குறைக்க லாயக்காரருக்கு மனம் வராது. ஆறு நாள் ஓயாமல் இழுத்த ஜீவன், ஒருநாளாவது நின்று நிதானமாக வயிறாரத் தின்னட்டும் என்றுதான் தோன்றும்.

திங்கட்கிழமை காலையில் குதிரை வழக்கத்தைவிடத் துடிப்பாக வெளியே வரும். தலையைச் சிலுப்பும், கடிவாளத்தை இழுக்கும், கால் தரையில் நிற்காது. கால் மணி நேரமோ அரை மணி நேரமோ போனதும் நடை தளரும். குளிர்காலமாக இருந்தாலும் உடம்பெல்லாம் வியர்வை கொட்டும். பின்னங்கால்கள் விறைக்கும். இடுப்பிலும் பின்தொடையிலும் விரல் பதியாத அளவுக்குத் தசை இறுகிப்போயிருக்கும். சில குதிரைகள் ஏர்க்காலோடு அப்படியே தெருவில் சாயும். சாய்ந்தவை எல்லாம் எழுவதில்லை. கழிக்கும் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும்.

ஆங்கிலேயர் இதைத் திங்கள் காலை நோய் என்றார்கள். ஜெர்மானியர் பண்டிகை நோய் என்றார்கள். ஈஸ்டர், கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வண்டி பூட்டும் நாளில் அங்கே குதிரைகள் விழுந்தன. ஓய்வு, நிறைந்த தீனி, உடனே வேலை என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்தால் நோய் வருகிறது என்பதை எல்லா ஊர் வண்டிக்காரர்களும் கண்டுவைத்திருந்தார்கள். ஏன் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

கறுத்த சிறுநீரைப் பார்த்த மருத்துவர்கள் கோளாறு சிறுநீரகத்தில் என்று நினைத்தார்கள். இடுப்புப் பகுதி இறுகிக் கிடந்ததும் அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது. தானியத்தின் புரதம் இரத்தத்தை நஞ்சாக்குகிறது என்றார்கள் சிலர். குளிர்காற்றுப் பட்டதால் வந்த வாதம் என்றார்கள் வேறு சிலர். ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு வைத்தியம் இருந்தது. கழுத்து நாளத்தைக் கீறி இரத்தத்தை வடித்தார்கள். கற்றாழைச் சாற்றுக் கட்டி கொடுத்து வயிற்றைப் போக்கினார்கள். சிறுநீர் பெருக வெடியுப்பு கொடுத்தார்கள். தசை நார்கள் சிதைந்து, அவற்றிலிருந்து கசிந்த மயோகுளோபின் என்ற நிறப்பொருள்தான் சிறுநீரைக் கறுக்க வைக்கிறது, சிறுநீரகம் இதில் அடிபடுகிற உறுப்பே தவிர அடித்த உறுப்பல்ல என்பது இன்று தெரிகிறது. ஏற்கெனவே வியர்வையில் நீரை இழந்து நிற்கும் விலங்கிடமிருந்து இரத்தத்தையும் எடுத்து, பேதியும் கொடுத்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு கனக்கிறது. மருத்துவர் வராமலிருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குதிரைகள் பல இருந்திருக்கும்.

ஆனால் அன்றைய லாயங்களில் எல்லாமே அறியாமை என்று சொல்வது அநியாயம். அனுபவமுள்ள வண்டிக்காரர்களிடம் இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, சனிக்கிழமை மாலையே தானியத்தைப் பாதியாகக் குறைத்து, வெந்நீரில் ஊறிய கோதுமைத் தவிட்டை வைப்பது. ஞாயிறன்று குதிரையைக் கொஞ்ச நேரமாவது கையில் பிடித்து நடத்துவது. இன்னொன்று, வழியில் விறைத்துவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துவது. ஓரடிகூட நடத்தக் கூடாது. பூட்டை அவிழ்த்து, கம்பளி போர்த்தி, வேறு வண்டி கொண்டுவந்து ஏற்றிச் செல்ல வேண்டும். எப்படியாவது லாயத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அவசரப்பட்டவர்களின் குதிரைதான் பாதி வழியில் விழுந்து செத்தது. இந்த இரண்டாவது விதியை இன்றைய கால்நடை மருத்துவரும் அப்படியே சொல்வார். படிப்பு இல்லாதவர்கள் கண்ணால் கற்றது, படித்தவர்களின் கத்தியைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசர்கள் ஆண்டுதோறும் பெரும் பொன் கொடுத்து ஆயிரக்கணக்கான குதிரைகளை வாங்குவதையும், பராமரிக்கத் தெரியாததால் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சாததையும் எழுதிவைத்தார். வெந்த சோறும் இறைச்சியும் அவற்றுக்கு உணவாகப் போடப்பட்டதைக் கண்டு அவர் வியந்தார். அவருக்குச் சற்றுப் பின் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இன்னும் நுணுக்கமான செய்தி தருகிறார். கடல் கடந்து வந்த குதிரைகளுக்கு வறுத்த பார்லியும் நெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்து, நாற்பது நாள் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைத்து, பிறகு எந்தப் பயிற்சியும் இல்லாமல் வெறிகொண்டு ஓட்டினார்களாம். மிகச் சிறந்த குதிரைகளும் விரைவில் சோர்ந்து உதவாமல் போயினவாம். அரபுநாட்டிலிருந்து வந்த அந்தக் குதிரைகள் இந்தக் கட்டுரை பேசும் நோயால் மடிந்தன என்று நான் சொல்லவில்லை. வெப்பம், ஈரம், கடற்பயணம், பழகாத தீனி என்று காரணங்கள் பல. ஆனால் கட்டிப்போட்டுத் தீனி போட்டு, திடீரென்று விரட்டுவது எந்தக் குதிரையின் தசையையும் கெடுக்கும். வாங்கியவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். நெய்யும் பாலும் அன்று வீட்டுக் குழந்தைக்கே அரிதான பொருள்கள். தன் உணவில் உயர்ந்ததைக் குதிரைக்குக் கொடுத்தார்கள். லண்டன் லாயக்காரரும் அதைத்தான் செய்தார்.

1930களின் தொடக்கத்தில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் கார்ல்ஸ்ட்ரோம் முதல் நல்ல தடயத்தைக் கண்டார். ஓய்வு நாளில் தின்ற தானியம் தசையில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகக் குவிகிறது. வேலை தொடங்கியதும் அது லாக்டிக் அமிலமாக மாறித் தசையை அரிக்கிறது என்றார். முதல் பாதி பெரும்பாலும் சரி, இரண்டாம் பாதி தவறு. ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது இரண்டாம் பாதியை. அமிலத்தை முறிக்கச் சமையல் சோடாவைத் தீனியில் கலக்கும் பழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. இந்த நோயுள்ள குதிரைகளின் தசையில் லாக்டிக் அமிலம் கூடுதலாக இருப்பதில்லை என்று பின்னால் அளந்தே காட்டினார்கள்.

அதற்குள் பாரக்குதிரைகளின் காலமே முடிந்துவிட்டது. 1915 வாக்கில் அமெரிக்காவில் குதிரையும் கோவேறு கழுதையுமாக இரண்டரைக் கோடிக்கு மேல் இருந்தன. டிராக்டரும் லாரியும் வந்தபின் அவை வேகமாகக் குறைந்தன. திங்கள் காலையில் தெருவில் குதிரை விழும் காட்சியும் மறைந்தது. நோய் மறையவில்லை. சவாரிக்கும் போட்டிக்கும் வளர்த்த குதிரைகளிடம் அது அடங்கிய வடிவில் தொடர்ந்தது. ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் நடை குறுகும். விலாப்புறம் துடிக்கும். சிறுநீர் கழிக்கப் போவதுபோல் உடலை நீட்டி நிற்கும். முன்னே போக மறுக்கும். மீறி விரட்டினால் பின்காலால் உதைக்கும். இப்படிப்பட்ட குதிரைக்குச் சோம்பேறி, பிடிவாதக்காரி, கெட்ட குணம் என்றெல்லாம் பெயர் வந்தது. குதிமுள்ளும் சவுக்கும் அதற்கு மருந்தாயின. தெருவில் விழுந்த குதிரைக்காவது நோய் என்ற பெயர் கிடைத்தது. இவற்றுக்கு அதுவும் கிடைக்கவில்லை. வலியால் நின்ற விலங்கை வேலைக்குக் கள்ளம் செய்கிறது என்று அடித்த அந்தக் காலம்தான் இந்த வரலாற்றிலேயே என்னை அதிகம் வருத்துவது.

1992இல் ஆய்வாளர் ஸ்டெஃபனி வால்பர்க்கும் உடன் உழைத்தவர்களும் அமெரிக்காவின் குவார்ட்டர் இனக் குதிரைகளின் தசையைச் சிறு துணுக்காக எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். வழக்கத்துக்கு மாறான சர்க்கரைத் திரள்கள் நார்களுக்குள் தேங்கிக் கிடந்தன. நோய்க்குப் பாலிசாக்கரைடு சேமிப்புத் தசைநோய் என்று பெயர் வைத்தார்கள், சுருக்கமாகப் பி.எஸ்.எஸ்.எம். பிறகு மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்பர்க், மாலி மெக்யூ, ஜேம்ஸ் மிக்கல்சன் ஆகியோர் அடங்கிய குழு 2008இல் மரபணுவையே கண்டுபிடித்தது. ஜி.ஒய்.எஸ்.1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒரு பிரதி வந்தாலே நோய்க்குப் போதும்.

அந்த மரபணு உண்டாக்குவது கிளைகோஜனைக் கோத்துக் கட்டும் நொதியை. மற்றக் குதிரைகளில் சேமிப்பு போதும் என்றால் அது அடங்கிவிடும். மாறிய மரபணு உள்ள குதிரையில் அடங்குவதில்லை. தானியம் தின்று, இரத்தத்தில் சர்க்கரை ஏறி, இன்சுலின் சுரக்கும்போது அதன் வேகம் இன்னும் கூடும். விளைவாக, தசையில் கிளைகோஜன் ஒன்றரை மடங்கிலிருந்து நான்கு மடங்கு வரை குவிகிறது. அவ்வளவு இருந்தும் ஓடும்போது தசைக்குச் சக்தி கிடைப்பதில்லை; அதே இன்சுலின் கொழுப்பை எரிக்கும் வழியையும் அடைத்துவைக்கிறது. குதிர் நிறைய நெல் கிடக்க, வாய் அடைபட்டுப்போய் வீட்டில் உலை வைக்க வழியில்லாத நிலை. சக்தி தீர்ந்த நார்கள் சுருங்கியபடியே பூட்டிக்கொள்கின்றன, பிறகு கிழிகின்றன.

மரபணு மாற்றம் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையது என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட இனங்களில் அது பரவியிருக்கிறது. இவ்வளவு துன்பம் தரும் ஒன்று ஏன் இத்தனை தலைமுறை நிலைத்தது என்று ஆய்வாளர்கள் யோசித்து ஒரு கருத்தைச் சொல்கிறார்கள். காய்ந்த புல்லை மட்டும் தின்று, விடிந்தது முதல் இருட்டும் வரை ஏர் இழுத்த குதிரைக்கு, கிடைத்த கொஞ்சம் சர்க்கரையையும் விடாமல் சேர்த்துவைக்கும் தசை ஒரு வரமாகவே இருந்திருக்கும். நிறைய இழுத்த குதிரையைத்தான் உழவர் பொலிக்கு விட்டிருப்பார். அந்தக் குதிரைக்கு ஓட்ஸ் மூட்டையும் ஓய்வு நாளும் வந்தபோதுதான் வரம் சாபமாயிற்று. இது நிறுவப்பட்ட உண்மை இல்லை, கருதுகோள். ஆனாலும் இன்றைய தீனி முறையை இதைவிட நன்றாக விளக்குவது வேறில்லை என்று நினைக்கிறேன். மருத்துவர்கள் இன்று சொல்லும் உணவு, அந்தப் பழைய உழவுக்குதிரையின் உணவுக்கு மிக அருகில் வருகிறது.

முதல் வேலை, தொட்டியிலிருந்து தானியத்தை எடுப்பது. ஓட்ஸில் ஏறக்குறையப் பாதி மாவுச்சத்து, மக்காச்சோளத்தில் 70 விழுக்காடு அளவுக்கு. இரண்டும் போக வேண்டும். மொலாசஸ் பிசைந்த கலவைத் தீவனமும் போக வேண்டும். அந்த இடத்தில் காய்ந்த புல் வருகிறது: உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அதாவது 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு ஏழரை முதல் பத்துக் கிலோ. புல் என்றால் ஏதோ ஒரு புல் அன்று. சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்து 12 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பச்சை மணக்கும் நல்ல புல்லில் சர்க்கரை மிகுந்திருக்கலாம். அதனால் அமெரிக்காவில் குதிரை வைத்திருப்பவர்கள் புல்கட்டிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அளவு கூடியிருந்தால், தின்னக் கொடுப்பதற்கு முன் புல்லை அரை மணி முதல் ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறார்கள். சர்க்கரையில் ஒரு பகுதி அதோடு போய்விடும்.

மேய்ச்சலுக்கும் நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது. வெயில் ஏற ஏறப் புல்லில் சர்க்கரை கூடி, பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். இரவில் புல் வளரும்போது அதைச் செலவழித்து, விடியலில் குறைவாக இருக்கும். இரவு கடுங்குளிர் அடித்தால் வளர்ச்சி நின்று, காலையிலும் சர்க்கரை இறங்காது. ஆகவே வெயிற்காலத்தில் விடியற்காலை மேய்ச்சல் நல்லது, உறைபனி விழுந்த காலையில் அதே மேய்ச்சல் கெடுதல். முகத்தில் கூடை மாட்டி, சிறு துளை வழியாகக் கொஞ்சமாக மேயவிடுவதும் உண்டு. குதிரை வெளியே நடமாட வேண்டும், ஆனால் அளவோடு தின்ன வேண்டும் என்ற இரண்டு தேவைக்கும் நடுவில் வந்த ஏற்பாடு அது.

தானியத்தை எடுத்துவிட்டால் உழைக்கும் குதிரைக்குச் சக்தி எங்கிருந்து வரும்? கொழுப்பிலிருந்து. சோயா எண்ணெய், மக்காச்சோள எண்ணெய், அரிசித் தவிடு போன்றவை தீவனத்தில் சேர்கின்றன. நாளின் மொத்தச் சக்தியில் 15 முதல் 20 விழுக்காடு கொழுப்பிலிருந்தும், மாவுச்சத்திலிருந்து 10 விழுக்காட்டுக்கு மிகாமலும் வர வேண்டும் என்பது வால்பர்க் குழுவின் பரிந்துரை. பித்தப்பையே இல்லாத விலங்கு இவ்வளவு எண்ணெயைச் செரிக்குமா என்ற ஐயம் இயல்பு. செரிக்கிறது. குதிரையின் ஈரலிலிருந்து பித்தநீர் இடைவிடாமல் ஒழுகிக்கொண்டே இருப்பதால், இரண்டு மூன்று வாரத்தில் சிறுகச் சிறுகக் கூட்டிப் பழக்கினால் ஏற்றுக்கொள்கிறது. எண்ணெய் கூடும்போது வைட்டமின் இ-யும் சேர்க்க வேண்டும். கெட்டுப்போன சிக்கு வாடை எண்ணெயைக் குதிரை மோந்துவிட்டு விலகிவிடும், அதை வற்புறுத்தக் கூடாது.

இந்த இடத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். நோயுள்ள குதிரைகளில் கணிசமானவை ஏற்கெனவே பருத்தவை. அவற்றுக்கும் எண்ணெய் ஊற்றினால் எடை ஏறி, குளம்பு நோய் முதல் வேறு தொல்லைகள் வரும். பருத்த குதிரைக்கு எண்ணெய் வேண்டாம். முதலில் எடை குறைய வேண்டும். வேலைக்கு முன் ஐந்தாறு மணி நேரம் தீனி வைக்காமல் விட்டால் அதன் உடல் கொழுப்பே இரத்தத்தில் இறங்கித் தசைக்கு எரிபொருளாகும். பசியோடு நிற்கும் குதிரையைப் பார்த்துக்கொண்டு இருப்பது அன்புள்ளவருக்குக் கடினம். ஆனால் இந்த நோயில் அன்பு என்பதே கை குறைத்துக் கொடுப்பதாக மாறியிருக்கிறது. அன்று நிறைத்து வைத்தவர் நல்லவர், இன்று அளந்து வைப்பவர் நல்லவர். இந்த மாற்றத்துக்கு மனத்தைப் பழக்குவதுதான், மரபணு ஆய்வைவிட, குதிரைக்காரருக்குப் பெரிய வேலை.

தீனியை மாற்றினால் மட்டும் பலன் வராது. அன்று, விழுந்து பிழைத்த குதிரையை வாரக்கணக்கில் லாயத்தில் அடைத்துவைத்தார்கள். தசை ஆற வேண்டும் என்ற நினைப்பு. அந்த அடைப்பே அடுத்த தாக்குதலுக்கு வழி செய்தது. இன்று, கடும் தாக்குதல் தணிந்ததும் ஓரிரு நாளுக்கு மேல் அடைத்து வைப்பதில்லை. சிறிய அடைப்புநிலத்தில் திறந்துவிடுகிறார்கள். புதுத் தீனிக்கு இரண்டு வாரம் பழகியபின் நீளக் கயிற்றில் வட்டமாக நாலைந்து நிமிடம் நடையும் மெல்லோட்டமும். நாளுக்குச் சில நிமிடம் கூட்டி, ஏறத்தாழ மூன்று வாரத்தில் அரை மணி நேரம். அதற்குப் பிறகுதான் சேணம். ஒருநாளும் விடக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். உழைக்கும் தசை சேர்த்த சர்க்கரையைச் செலவழிக்கிறது. கொழுப்பை எரிக்கும் நொதிகளையும் வளர்த்துக்கொள்கிறது. வீட்டில் கல்யாணம், மழை, காய்ச்சல் என்று நாலு நாள் விட்டுவிட்டால், ஐந்தாம் நாள் மறுபடி அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

முன்னேற்றம் எப்படித் தெரியும்? அன்று சிறுநீர் நிறத்தைப் பார்த்தார்கள். அது கறுக்கும்போது பெரிய சேதம் நடந்து முடிந்திருக்கும். இன்று பதினைந்து நிமிடம் மெல்லோட்டம் விட்டு, நாலு முதல் ஆறு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்து, கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதியை அளக்கிறார்கள். வெளியில் எந்த அறிகுறியும் இல்லாத குதிரையிலும் அது பல மடங்கு ஏறியிருக்கும். சோம்பேறி என்று அடிபட்ட குதிரைகளுக்கு ஒரு சோதனைக்குழாய் இரத்தம் சாட்சி சொன்னது இப்படித்தான். தீனியும் தினசரி வேலையும் இரண்டும் கடைப்பிடிக்கப்பட்ட குதிரைகளில் பெரும்பான்மை நன்றாகத் தேறுகின்றன. சவாரிக்கும் போட்டிக்கும் திரும்புகின்றன. மரபணு அப்படியே இருக்கிறது, ஆகவே இந்த முறை ஆயுளுக்கும்.

தசை இறுகும் குதிரைக்கெல்லாம் தானியம் ஆகாது என்று இதைப் படித்துவிட்டு முடிவு கட்டினால் ஆபத்து. 1969இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற பொலிக்குதிரை, குவார்ட்டர் இனத்தின் அழகுப் போட்டிகளில் பெரும்புகழ் பெற்றது. செதுக்கிய தசை அதன் சிறப்பு. அதன் வழியில் ஆயிரமாயிரம் குட்டிகள் பிறந்தன. அவற்றில் பல திடீரென்று நடுங்கின. கண்ணின் மூன்றாம் இமை மேலேறி மூடியது. சில சரிந்து விழுந்து மாண்டன. தசை செல்லின் சோடியம் வாயிலில் இருந்த பழுதுதான் காரணம் என்று 1992இல் மரபணுவோடு கண்டறிந்தார்கள். ஹெச்.ஒய்.பி.பி. என்ற இந்த நோயில் எதிரி பொட்டாசியம். நம் ஊர் மாட்டுப்பண்ணைகளிலும் வளர்க்கும் குதிரை மசாலில் அது ஏராளம். மொலாசஸ், சோயாப் பிண்ணாக்கு ஆகியவற்றிலும் அப்படியே. இவற்றை விலக்க வேண்டும். ஓட்ஸும் மக்காச்சோளமும் இந்தக் குதிரைகளுக்கு ஏற்ற தீனி. நடுக்கம் தொடங்கும்போது ஒரு கை ஓட்ஸோ கொஞ்சம் மக்காச்சோளப் பாகோ கொடுப்பதுகூட உண்டு. இன்சுலின் சுரந்து பொட்டாசியத்தை செல்லுக்குள் தள்ளிவிடும். ஒரு நோய்க்கு நஞ்சாகும் அதே ஓட்ஸ் இன்னொரு நோய்க்கு முதலுதவி. திங்கள் காலை நோய் என்ற ஒற்றைப் பெயரோடு நின்றிருந்தால் இது எவருக்கும் புலப்பட்டிருக்காது.

பந்தயக் குதிரைகளின் கதை வேறு. கிண்டியிலும் பெங்களூரிலும் புனேயிலும் ஓடி நாம் அறிந்த தரோபிரெட் இனத்தில் ஜி.ஒய்.எஸ்.1 மாற்றம் அநேகமாக இல்லை. ஆனாலும் பந்தயப் பயிற்சியில் இருக்கும் தரோபிரெட்களில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு வரை இப்படி இறுகிப்போகின்றன. அதிகமும் வயது குறைந்த, சட்டென்று மிரளும் பெட்டைகள். இவற்றின் தொல்லை சேமிப்பில் இல்லை. தானியம் மிகும்போது பதற்றம் மிகுகிறது, பதற்றம் மிகும்போது தசை இறுகுகிறது. ஆகவே இங்கும் தானியத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுகிறார்கள், குதிரையின் மனம் அமைதியாக இருப்பதற்காக. லாயத்தில் முதல் தீனி அதற்கு வைப்பது, சந்தடி தொடங்கும் முன் அதைப் பயிற்சிக்கு அழைத்துப் போவது, சாதுவான ஒரு துணைக்குதிரையைப் பக்கத்தில் கட்டுவது என்பவை மருந்தைப்போலவே வேலை செய்கின்றன. லாயத்தில் நாள் முழுதும் கூட இருக்கும் குதிரைக்காரர்தான் இதைச் செய்ய முடியும். எப்போதாவது வரும் மருத்துவரால் முடியாது.

மருந்து, சத்துப்பொடி என்று அவசரப்படுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். செலினியம் குறைந்தால் தசை கெடும் என்று தெரிந்ததிலிருந்து அது தசைநோய் எல்லாவற்றுக்கும் தீர்வாகக் கருதப்பட்டு ஊசியிலும் பொடியிலும் போனது. மண்ணிலேயே செலினியம் குறைந்த பகுதிகளில் அது தேவைதான். ஆனால் தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. குதிரைக்கு நாளைக்குச் சில மில்லிகிராம்தான் கணக்கு. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் ஒரு பெரிய போலோ போட்டியை ஒட்டி, செலினியம் அளவு தவறிக் கலந்த சத்து ஊசியால் 21 குதிரைகள் மடிந்தன. காலையில் ஆரோக்கியமாக நின்ற விளையாட்டுக் குதிரைகள் அவை. இரத்தத்தில் அளவு பார்க்காமல் செலினியம் கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இனப்பெருக்கத்திலும் காலம் மாறியிருக்கிறது. பிடரிமயிரை வேரோடு சில இழை பிடுங்கி அனுப்பினால் ஜி.ஒய்.எஸ்.1 நிலை தெரிந்துவிடும். அமெரிக்க குவார்ட்டர் குதிரைச் சங்கம் ஹெச்.ஒய்.பி.பி. மரபணு இரண்டு பிரதி உள்ள, 2007 முதல் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதில்லை. அழகுக்காக ஒரே குதிரையின் வழியை வளர்த்துவிட்ட ஓர் இனம், அதைத் திருத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

பி.எஸ்.எஸ்.எம். விஷயத்தில் அப்படி ஒரு தடை அவ்வளவு எளிதில்லை. அமெரிக்காவில் சோதித்த பாரக்குதிரை இனங்களில், பெர்ச்சரான்களில் 62 விழுக்காட்டிலும் பெல்ஜியன்களில் 39 விழுக்காட்டிலும் மாறிய மரபணு இருந்தது. பெல்ஜியத்தின் டிரெக்பார்ட் இனத்தில் சோதித்தவற்றில் 92 விழுக்காடு. அவற்றை எல்லாம் பொலியிலிருந்து நீக்கினால் மிஞ்சும் சில குதிரைகளைக் கொண்டு ஓர் இனத்தைக் காக்க முடியாது. உள்ளினச் சேர்க்கையால் வேறு நோய்கள் தலைகாட்டும். மரபணு இல்லாத பொலிக்குதிரைகள் கிடைக்கும் இடத்திலெல்லாம் அவற்றை மரபணு உள்ள பெட்டைகளோடு சேர்த்து, இரண்டு பிரதி உள்ள குட்டிகள் பிறக்காமல் பார்த்துக்கொள்வதிலிருந்து தொடங்குவதுதான் நடக்கக்கூடிய வழி என்று நான் நம்புகிறேன். அதற்குப் பல தலைமுறை ஆகும். இன்று தொழுவத்தில் நிற்கும் பெல்ஜியனுக்குச் சர்க்கரை குறைந்த புல்லும், ஞாயிறு உட்பட நாள் தவறாத நடையும் உடனே வேண்டும். இரண்டையும் கொடுக்க எந்த ஆய்வகத்தின் அனுமதியும் தேவையில்லை.